உங்கள் நெறியாளர் யார்?

2023 மே மாதம். கோடை விடுமுறை. என் கைப்பேசிக்கு ஒரு விளம்பரம் வந்தது. ‘பணியை விடாமல் முனைவர் ஆகலாம். படிப்பு முழுவதும் இணையவழி. துபாயில் ஒரு முறை, கோலாலம்பூரில் ஒரு முறை உறைவிட அமர்வு. பட்டமளிப்பு விழா வெளிநாட்டில்’ என்று அதில் இருந்தது.

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை. எம்.எட். முடித்த நாளிலிருந்தே பிஎச்.டி. செய்ய வேண்டும் என்ற ஆசை உண்டு. குழந்தைகள், மாமியாரின் உடல்நலம், வீட்டுக் கடன் என்று பதினோரு ஆண்டுகள் தள்ளிப்போயின. அந்த விளம்பரம் எனக்காகவே எழுதியது போல் இருந்தது.

அதில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். மறுமுனையில் பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். நுழைவுத் தேர்வு இல்லை என்றார். பணி அனுபவமே தகுதி என்றார். ஆய்வுத் தலைப்பு இல்லையென்றால் அவர்களே தருவார்களாம். கட்டணம் மூன்று தவணை. முதல் தவணையை வாரக் கடைசிக்குள் கட்டினால் சலுகை உண்டாம். வீட்டில் சொன்னேன். “இத்தனை வருசமா கேக்குற, படி” என்றார் கணவர். நகையை அடகு வைப்பது என்று முடிவாயிற்று.

அந்த வாரம் மாணவர் சேர்க்கைப் பணிக்காகப் பள்ளிக்குச் சென்றபோது தலைமை ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, “நல்ல விஷயம் டீச்சர். உங்க நெறியாளர் யாரு?” என்றார்.

“அது கேக்கலை சார்.”

“எதைப் பத்தி ஆய்வு பண்ணப் போறீங்க?”

“தலைப்பு அவங்களே தருவாங்களாம் சார்.”

அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியரைப் பற்றி மட்டும் சொன்னார். இப்படி ஒரு பட்டம் வாங்கி வந்து, அதைப் பணிப்பதிவேட்டில் பதியச் சொல்லி விண்ணப்பித்திருக்கிறார். பட்டத்தின் அங்கீகாரத்துக்குச் சான்று கேட்டுக் கோப்பு திரும்பி வந்துவிட்டது. “பட்டத்தை ஃபிரேம் போட்டு வீட்டுல மாட்டியிருக்கார். எஸ்.ஆர்.ல ஏறலை” என்றார்.

வீட்டுக்கு வந்து மீண்டும் அந்த எண்ணுக்குப் பேசி, என் நெறியாளர் யார் என்று கேட்டேன். “சேர்ந்த பிறகு ஒதுக்குவோம் மேடம்” என்றார்கள். என் பாடத்தில் நெறியாளராக இருப்பவர் ஒருவரின் பெயரையாவது சொல்லுங்கள் என்றேன். சொல்ல முடியவில்லை. நகை பீரோவிலேயே இருந்தது.

ஆனால் அந்த விடுமுறை முழுவதும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. இணையவழியில் படித்து, அவ்வப்போது நேரில் தங்கி முனைவர் பட்டம் பெறுவது என்பதே ஏமாற்றுதானா? அப்படியானால் உலகின் நல்ல பல்கலைக்கழகங்கள் சில அதை ஏன் நடத்துகின்றன? தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டதையும், அதன்பின் நான் எடுத்த வழியையும் என்னைப் போல் ஆசையோடு இருக்கும் ஆசிரியர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முறையான படிப்பு எப்படி நடக்கிறது?

தொலைவில் இருந்தபடியே பட்டம் பெறுவது புதிதன்று. லண்டன் பல்கலைக்கழகம் 1858-லேயே வெளியிடத்து மாணவர்களும் தேர்வெழுதிப் பட்டம் பெற வழி செய்தது. தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் 1946-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-இல் உருவாகி, 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. வானொலி, தொலைக்காட்சி, அஞ்சல் ஆகியவற்றை நம்பிய அந்தப் பல்கலைக்கழகமும் தொடக்க ஆண்டிலிருந்தே கோடைப் பள்ளி என்ற பெயரில் மாணவர்களை ஒரு வாரம் ஓரிடத்தில் கூட்டித் தங்க வைத்தது. இன்றைய உறைவிட அமர்வுகளின் முன்னோடி என்று இதைச் சொல்லலாம்.

முனைவர் பட்ட அளவில் இது பிறகு வந்தது. கனடாவின் அல்பர்ட்டா மாகாணத்தில் உள்ள அத்தபாஸ்கா பல்கலைக்கழகம் 2008-இல் தொலைநிலைக் கல்வியில் கல்வியியல் முனைவர் படிப்பைத் தொடங்கியது. ஒரு சிறு குழுவாக மாணவர்களைச் சேர்த்து, முதலில் நேரில் கூட்டி அறிமுக அமர்வு நடத்தி, அதன்பின் இணையவழியில் பாடங்களை நடத்தியது. பிரிட்டனில் பாத் பல்கலைக்கழகம் உயர்கல்வி மேலாண்மைக்கான முனைவர் படிப்பில் பாடப் பகுதியையே உறைவிட அமர்வுகளாக வைத்தது. பல நாடுகளில் பணியில் இருப்பவர்கள் அங்கே வந்து தங்கிப் படித்துவிட்டு, தங்கள் நிறுவனத்துக்குத் திரும்பி ஆய்வைத் தொடர்கிறார்கள்.

இந்தப் படிப்புகளில் பல பிஎச்.டி. அல்ல; பணிசார் முனைவர் பட்டங்கள். கல்வியியலில் அதை எட்.டி. என்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நமக்கு முக்கியம். பிஎச்.டி. ஒரு துறையின் அறிவுக்குப் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். பணிசார் முனைவர் பட்டம், பணியிடத்தில் உள்ள ஒரு சிக்கலை ஆய்வு முறையில் அணுகித் தீர்வு தேட வேண்டும். அமெரிக்காவில் எட்.டி. பட்டம் பெயரளவுக்குப் போய்விட்டது என்ற குறை நெடுநாள் இருந்தது. கார்னெகி அறக்கட்டளையின் தலைவராக இருந்த லீ ஷுல்மன் 2006-இல் மற்ற அறிஞர்களுடன் சேர்ந்து இதைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டே பல பல்கலைக்கழகங்கள் கூடி அந்தப் பட்டத்தைச் சீர்செய்யும் முயற்சியைத் தொடங்கின. ‘நடைமுறைச் சிக்கல்’ என்பது அம்முயற்சியின் அடிப்படைச் சொல்லாயிற்று. ஆய்வாளரின் பள்ளியே ஆய்வுக்களம். அவர் அன்றாடம் எதிர்கொள்ளும் சிக்கலே ஆய்வுத் தலைப்பு.

இதைப் படித்தபோது அந்த விளம்பரத்தில் இருந்த கோளாறு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பணியில் இருப்பவர் ஏன் இணையவழியில் படிக்கிறார்? பள்ளியை விட்டு வந்தால் அவருடைய ஆய்வுக்களமே போய்விடும் என்பதால். என் பள்ளியைப் பற்றி ஒன்றும் கேட்காமல் தலைப்பைத் தானே தருகிறேன் என்பவர், அந்தக் காரணத்தையே எடுத்துவிடுகிறார். மிஞ்சுவது பட்டச்சான்றும் பயணமும் மட்டுமே.

உறைவிட அமர்வு எதற்கு?

காணொளியில் எல்லாம் பேச முடியும்போது ஏன் நேரில் கூட வேண்டும்? இதற்குத் தொலைநிலைக் கல்வி ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் வகுப்பறைக்கும் பொருந்தும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மைக்கேல் மூர், ‘பரிமாற்றத் தொலைவு’ என்ற கருத்தை முன்வைத்தார். கற்பவருக்கும் கற்பிப்பவருக்கும் இடையே உள்ள உண்மையான தொலைவைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது. ஒருவர் சொல்வது மற்றவருக்கு எவ்வளவு புரிகிறது என்பதில்தான் அது இருக்கிறது என்றார். மூன்று விஷயங்கள் அத்தொலைவைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன: இருவருக்கும் இடையிலான உரையாடல், பாட அமைப்பின் இறுக்கம், கற்பவர் தானே முடிவெடுக்கும் திறன். நம் வகுப்பின் கடைசி வரிசையில் இருக்கும் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தடி தூரம்தான். ஆனால் ஆண்டு முழுவதும் நம்மோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் அக்குழந்தை தொலைநிலை மாணவர்தான்.

கனடாவைச் சேர்ந்த கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகிய மூவர் 2000-இல் இதையே வேறு விதமாகச் சொன்னார்கள். இணையவழிக் கற்றல் நன்றாக நடக்க மூன்று ‘இருப்புகள்’ தேவை. பாடத்தை ஆழமாகச் சிந்திக்கும் அறிவு இருப்பு; ஒருவரையொருவர் மனிதராக உணரும் சமூக இருப்பு; வழிநடத்துபவர் உடனிருக்கிறார் என்ற கற்பித்தல் இருப்பு. இவற்றுள் சமூக இருப்பைத் திரை வழியாக உருவாக்க நாளாகும். சில நாள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துக் குறை சொன்னால் அது விரைவில் வந்துவிடும். அந்தச் சில நாள் பழக்கம் பிறகு பல மாதத் திரைச் சந்திப்புகளைத் தாங்கும். உறைவிட அமர்வின் பயன் இதுதான்.

எனவே ஒரு படிப்பின் உறைவிட அமர்வு பற்றிச் சொல்லும்போது எந்த ஊர், எந்த விடுதி என்று கேட்பதைவிட, அந்த நாட்களில் காலை முதல் இரவு வரை என்ன நடக்கும் என்று கேட்க வேண்டும். என் ஆய்வுத் திட்டத்தை யார் படிப்பார்? யார் முன் அதை விளக்க வேண்டும்? பதில் இல்லையென்றால் அது சுற்றுலாதான்.

நம் நாட்டில் விதி என்ன சொல்கிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தைக் கட்டியவர்கள் பலர். ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் 2022 அக்டோபர் 28 அன்று கூட்டாக ஓர் எச்சரிக்கை வெளியிட்டன. கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து வழங்கும் இணையவழி பிஎச்.டி. படிப்புகளை மானியக் குழு அங்கீகரிக்கவில்லை, விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்பதே அதன் சாரம். நான் பார்த்த விளம்பரம் அதற்கு ஏழு மாதம் கழித்து வந்தது.

அதே ஆண்டு நவம்பர் 7 அன்று பிஎச்.டி. பட்டத்துக்கான புதிய ஒழுங்குமுறை விதிகள் அறிவிக்கப்பட்டன. அவற்றின்படி நம் நாட்டுக் கல்வி நிறுவனம் எதுவும் தொலைநிலையிலோ இணையவழியிலோ பிஎச்.டி. நடத்தக்கூடாது. ஆனால் பகுதி நேர பிஎச்.டி.க்கு அனுமதி உண்டு. பணியில் இருக்கும் நமக்கு உள்ள நேர்வழி இதுதான்.

விதிகளில் நாம் அறிய வேண்டிய சில:

முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியலினத்தவர், பழங்குடியினர், வளமான பிரிவு நீங்கலான இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு.

குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு. பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் இரண்டு ஆண்டு தளர்வு. மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்புக்காகப் பெண் ஆய்வாளர்கள் மொத்தம் 240 நாள் வரை விடுப்பு பெறலாம்.

தொடக்கத்தில் குறைந்தது 12 மதிப்பலகுகள் கொண்ட பாடப் பகுதியை முடிக்க வேண்டும். ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் அதில் ஒரு கட்டாயப் பாடம். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நின்று, செய்த வேலையை விளக்க வேண்டும். ஆய்வேட்டை நெறியாளரைத் தவிர வெளியாட்கள் இருவராவது மதிப்பிடுவார்கள். இறுதியில் வாய்மொழித் தேர்வு.

பகுதி நேரமாகச் சேர்பவர் பணியிடத்திலிருந்து தடையின்மைச் சான்று தர வேண்டும். பகுதி நேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்கப் பணி இடம் தரும், தேவைப்பட்டால் பாடப் பகுதியை முடிக்கப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவது வாசகம் விடுபட்டதால் என் விண்ணப்பம் ஒரு முறை திரும்பியது. வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு மீண்டும் நடந்தேன்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் நல்ல படிப்பில் சேர விரும்புகிறவர்களும் இருக்கலாம். அந்தப் பட்டம் அந்த நாட்டில் செல்லுபடியாகலாம். அதில் கற்பதும் பயன் தரலாம். ஆனால் இங்கே பணிப்பதிவேட்டில் ஏற வேண்டுமானால் இணைத்தன்மை கேட்பார்கள். கட்டணம் கட்டும் முன்பே எழுத்து மூலம் பதில் பெற்றுக்கொள்வது நல்லது. வெளிநாட்டுப் பயணத்துக்கும் துறையின் முன் அனுமதி வேண்டும் என்பது அரசுப் பணியில் உள்ள நம் எல்லோருக்கும் தெரியும்.

நான் எடுத்த வழி

நுழைவுத் தேர்வு எழுதி, 2024 தொடக்கத்தில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பகுதி நேர ஆய்வாளராகப் பதிவு செய்தேன். இப்போது நெட் தேர்வு மதிப்பெண்ணும் பிஎச்.டி. சேர்க்கைக்குப் பயன்படுகிறது, அதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

நெறியாளரை முதன்முதலில் சந்தித்தபோது அவர் என் கோப்பைத் திறக்கவே இல்லை. “உங்க பள்ளிக்கூடத்துல உங்களைத் தூங்க விடாத விஷயம் எது?” என்று கேட்டார். தயக்கமில்லாமல் பதில் வந்தது. எங்கள் ஊரிலிருந்து பல குடும்பங்கள் பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளை வேலைக்குத் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் போய்விடும். குழந்தைகளையும் கூட்டிப் போவார்கள். மழைக்கு முன் திரும்புவார்கள். ஜூன் மாதம் வகுப்பில் வந்து உட்காரும் அக்குழந்தைகள் டிசம்பரில் சரளமாகப் படித்த பாடத்தையே எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் நான் முதலிலிருந்து தொடங்குவேன். ஒவ்வோர் ஆண்டும் தோற்பேன்.

“இதுதான் உங்க தலைப்பு” என்றார் நெறியாளர்.

படிப்பின் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே செய்கிறேன். சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்கக் கல்வித் துறையின் எரிக் தரவுத்தளத்தில் கல்வியியல் கட்டுரைகளைத் தேடலாம். பலவற்றை முழுமையாகவே பதிவிறக்கலாம். ஸ்வயம் தளத்தில் ஆய்வு முறையியல் பாடங்கள் உள்ளன. இரவு பத்து மணிக்கு மேல் சமையலறை மேசைதான் என் நூலகம். ஆங்கிலக் கட்டுரை ஒன்றைப் படித்து முடிக்க முதலில் ஒரு வாரம் ஆனது. இப்போது இரண்டு இரவு போதும்.

எங்கள் உறைவிட அமர்வு

எங்கள் நெறியாளரிடம் பணியில் இருந்தபடி ஆய்வு செய்பவர்கள் மூவர். இராமநாதபுரம் கடற்கரைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் ஒருவர். நீலகிரியில் பழங்குடிக் குழந்தைகள் படிக்கும் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை ஒருவர். நான் ஒருத்தி. ஞாயிறு இரவு எட்டு மணிக்குக் கூகுள் மீட்டில் சந்திப்போம். சந்தித்தோம் என்று சொன்னாலும், முதல் நான்கு மாதம் ஒருவர் எழுதியதற்கு மற்றவர் சொன்னது “நல்லா இருக்கு மேடம்”, “அருமை சார்” என்பது மட்டுமே. மூவருமே மரியாதையாக இருந்தோம். யாரும் எதுவும் கற்கவில்லை.

அப்போதுதான் நான் கோடையில் படித்த உறைவிட அமர்வு முறை நினைவுக்கு வந்தது. நெறியாளரிடம் சொன்னேன். காலாண்டு விடுமுறையில் மூன்று நாள் பல்கலைக்கழக விருந்தினர் விடுதியில் மூவரும் தங்க ஏற்பாடு செய்தார். விதி எளிமையானது. காலையில் ஒருவர் தன் இயலைச் சத்தமாக வாசிக்க வேண்டும். மற்றவர்கள் குறுக்கிடக் கூடாது. மதியம் ஒவ்வொருவரும் மூன்று குறைகளைச் சொல்ல வேண்டும், பாராட்டக் கூடாது. மாலையில் வாசித்தவர் திருத்தி எழுத வேண்டும்.

இரண்டாம் நாள் என் முறை. திரும்பி வரும் குழந்தைகளுக்காக நான் தயாரித்த வாசிப்புச் சோதனையையும் கணக்குச் சோதனையையும் வாசித்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது நீலகிரி ஆசிரியை மெதுவாகச் சொன்னார்: “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பிள்ளைங்க ஆறு மாசத்துல எதை மறந்தாங்கன்னு மட்டும்தான் கேக்குறீங்க. அங்க என்ன கத்துக்கிட்டாங்கன்னு ஒரு கேள்வி கூட இல்லையே.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பதினைந்து ஆண்டுகளாக அக்குழந்தைகளை இழப்புக் கணக்காகவே பார்த்து வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கூகுள் மீட்டில் அவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். சொல்லியிருந்தால் நானும் கேமராவை அணைத்திருப்பேன்.

ஊருக்குத் திரும்பியதும் சோதனையை மாற்றினேன். ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம், சூளையில் காயவைக்கும் கல்லை எப்படி எண்ணுவார்கள் என்று கேட்டேன். “வரிசைக்கு அம்பது கல் டீச்சர்” என்றான். முப்பது வரிசை இருந்தால்? கண்ணை மூடித் திறக்குமுன் சொன்னான்: “ரெண்டு வரிசை நூறு. முப்பது வரிசைன்னா பதினஞ்சு நூறு. ஆயிரத்து ஐநூறு.” அதே கணக்கை 50 × 30 என்று நோட்டில் எழுதிக் கொடுத்தேன். 150 என்று விடை எழுதினான்.

எங்களுக்கு முன்னால் அந்த நோட்டு இருந்தது. அவனுக்குக் கணக்கு தெரியும். எழுத்துக்குக் கொண்டுவரத் தெரியவில்லை. அப்படியென்றால் நான் ஜூன் மாதத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அவனுடைய ‘பதினைந்து நூறில்’ தொடங்கலாம். என் ஆய்வு இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறது. வாய்மொழிக் கணக்கிலிருந்து எழுத்துக் கணக்குக்கு அக்குழந்தைகளை அழைத்துவரும் பயிற்சித்தாள்களை உருவாக்கி வருகிறேன். அது எல்லாக் குழந்தைகளிடமும் பலிக்குமா என்பதை இனிதான் பார்க்க வேண்டும். ஆய்வேடு முடியவில்லை. முடிந்ததாகச் சொல்லிக்கொள்ளவும் மாட்டேன்.

இன்று ஆண்டுக்கு இரண்டு முறை கூடுகிறோம். ஒருவர் ஊரில் ஒரு முறை. சென்ற முறை இராமநாதபுரம். அந்த ஆசிரியரின் பள்ளிக்கே சென்று அவருடைய களத்தை நேரில் பார்த்தோம். பேருந்துக் கட்டணமும் சாப்பாடும்தான் செலவு.

வெளிநாட்டு அனுபவம் வேண்டாமா?

வேண்டும். வேறொரு நாட்டில் வகுப்பறையையும் ஆய்வுக்கூடத்தையும் பார்ப்பது பெரிய படிப்பினை. அதற்கும் நேர்வழிகள் உள்ளன. இந்தியாவில் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தவர்கள் ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்ய ஃபுல்பிரைட்-நேரு ஆய்வு நிதிநல்கை இருக்கிறது. காமன்வெல்த் நாடுகளில் முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவர்கள் ஓராண்டு வரை பிரிட்டனில் ஆய்வு செய்யக் காமன்வெல்த் ஆணையம் ‘ஸ்ப்ளிட் சைட்’ என்ற உதவித்தொகையை வழங்கி வந்துள்ளது. பிஎச்.டி. செய்யாத உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்களுக்கு ஃபுல்பிரைட்டின் ஆறு வாரக் கற்பித்தல் திறன் திட்டம் தனியே இருந்து வந்துள்ளது. தகுதியும் இறுதி நாளும் ஆண்டுதோறும் மாறும். அவ்வாண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றுக்கும் அந்த விளம்பரத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். இங்கே தேர்வு கடினம். செலவை அவர்கள் ஏற்கிறார்கள். அங்கே தேர்வே இல்லை. செலவு முழுவதும் நம்முடையது.

பணம் கட்டும் முன் ஏழு கேள்விகள்

1. என் நெறியாளர் யார்? அவர் என் பாடத்தில் என்ன எழுதியிருக்கிறார்? சேரும் முன் அவரோடு பேச முடியுமா?

2. பட்டம் வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம்? இடையில் நிற்கும் நிறுவனத்துக்கு என்ன பங்கு?

3. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அதன் சொந்த நாட்டில் அங்கீகாரம் உண்டா?

4. மானியக் குழு விதிப்படி இங்கே அது ஏற்கப்படுமா? எழுத்து மூலம் பதில் கிடைக்குமா?

5. என் கேள்வியை நான் ஆய்வு செய்யலாமா, அவர்கள் தரும் தலைப்பையா?

6. உறைவிட அமர்வின் நாள்வாரி நிரல் எங்கே? என் ஆய்வை அங்கே யார் மதிப்பிடுவார்?

7. ஆய்வேட்டை எழுதித் தருகிறோம், கட்டுரை வெளியிட்டுத் தருகிறோம் என்று யாராவது சொல்கிறார்களா? சொன்னால் உடனே வெளியேறுங்கள். 2018-இன் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளின்படி ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினாலே திருத்தித் தர வேண்டும். 60 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவே ரத்தாகும்.

ஊக்க ஊதியத்தை மட்டும் நம்பி யாரும் பிஎச்.டி. சேர வேண்டாம். அது பற்றிய அரசாணைகள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. ஆனால் உங்கள் வகுப்பறையில் ஆண்டுதோறும் உங்களைத் தோற்கடிக்கும் ஒரு கேள்வி இருந்தால், அதற்காகச் சேருங்கள். சேர முடியாவிட்டாலும் அந்தக் கேள்வியை ஒரு நோட்டில் எழுதி, குறுவள மையக் கூட்டத்தில் இன்னும் இரண்டு ஆசிரியர்களிடம் காட்டுங்கள். அவர்களிடம் மூன்று குறை சொல்லச் சொல்லுங்கள்.

இந்த ஜனவரியிலும் எங்கள் ஊரிலிருந்து குடும்பங்கள் சூளைக்குப் புறப்பட்டன. வண்டி ஏறும் முன் அந்த மாணவனிடம் ஒரு சிறு நோட்டைக் கொடுத்தேன். “தினமும் எத்தனை வரிசைன்னு இதுல எழுதி வை. ஜூன் மாசம் நீ எனக்குச் சொல்லிக் கொடுக்கணும்” என்றேன். “சரி டீச்சர்” என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.